கீழத்தெருவுக்கு முதல் சேனல்

சத்தம் போட்டு அடி வாங்கியவர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள். சத்தம் வராமல் அடி வாங்கியவன் நான். மைக் செட் தொழிலின் லட்சணம் அப்படி. பாட்டு நன்றாகக் கேட்டால் பாடியவனுக்குக் கைதட்டல். நடுவில் ஒரு கர்புர் வந்தால் செட்டுக்காரனை அவன் அம்மாவிலிருந்து ஆரம்பித்துத் திட்டுவார்கள். நானும் கையைக் கட்டிக்கொண்டு கேட்கிற ஆள் இல்லை. கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும். "ஒன் தொண்டைக்கு இதுக்கு மேல சத்தம் வராதுய்யா, எறங்கு கீழ" என்று ஒரு பாடகரிடம் மேடையேறிப் போய்ச் சொல்லியிருக்கிறேன். நான் வாங்கியதில் பாதி அந்த வாய்க்காக வாங்கியது.

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை. பாக்ஸ், குழாய் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் எல்லாரிடமும் இருந்தன. மிக்சர் என்னிடம் மட்டும்தான் இருந்தது. லெப்பைக்குடிகாட்டு பாய் ஒருவர் துபாயிலிருந்து தன் மகன் ஆசைப்பட்டான் என்று கொண்டுவந்து, மகன் நாலு நாளில் அலுத்துப்போனதும் எனக்குக் கொடுத்தது. ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு வரிசை, அதற்குச் சேனல் என்று பேர். வரிசையின் அடியில் ஒரு நீள வெடிப்பு, அதில் மேலும் கீழும் தள்ளுகிற குமிழ். அதுதான் ஃபேடர். மேலே தள்ளினால் சத்தம் கூடும், கீழே இழுத்தால் குறையும். வரிசையின் உச்சியில் திருகுகிற இன்னொரு குமிழ் உண்டு, கெயின். மைக்கிலிருந்து வருகிற குரலை உள்ளே எவ்வளவு வாங்குவது என்பதை அது பார்த்துக்கொள்ளும். இவ்வளவு தெரிந்தால் இந்தக் கதைக்குப் போதும்.

எங்கள் ஊரில் மிக்சருக்கு எமன் சிமெண்டுத் தூசி. சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று சந்து முனையில் திரும்பினால் போதும், காயப்போட்ட வேட்டியே மொறமொறவென்று ஆகிவிடும். அந்தத் தூசி ஃபேடர் வெடிப்புக்குள் இறங்கினால் குரல் பாதியில் அறுந்துபோகும். அதனால் வாராவாரம் கழற்றி ஸ்பிரிட் விட்டுத் துடைப்பேன். பெற்ற பிள்ளைக்குக் கூட அப்படிக் காது துடைத்துவிட்டதில்லை என்று வீட்டில் சொல்லிக்காட்டுவார்கள்.

சத்தம் வரவில்லை என்றால் செய்ய வேண்டியது ஒன்றுதான். நல்லதை எடுத்துச் சந்தேகமானதன் இடத்தில் போட்டுப் பார். மைக்கை மாற்று, வயரை மாற்று, சேனலை மாற்று. எதை மாற்றும்போது சத்தம் வருகிறதோ அதில் இருக்கிறது கோளாறு. கல்யாண வீட்டில், கட்சிக் கூட்டத்தில், சர்ச்சில், பள்ளிவாசலில் எல்லாம் இப்படித்தான் கண்டுபிடித்திருக்கிறேன். எதையும் மாற்றவே விடாத ஒரு ஊரும் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

இதில் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தங்கச்சி புருஷன். என்னோடுதான் வேலை பார்த்தான். மிக்சரில் என்னைவிட அவனுக்குக் கை நிதானம். ஆனால் தை பிறந்துவிட்டால் ஆளைப் பிடிக்க முடியாது. மாடு அணைகிறவன். வாடிவாசல் திறக்கிற சத்தம் கேட்டால் சோற்றுத் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவான். முந்தின வருஷம் திருமானூர்ப் பக்கம் ஒரு காளை அவன் தொடையில் கொம்பை ஏற்றிவிட்டது. தங்கச்சி அந்தப் புண்ணைக் கழுவிக் கட்டியே மெலிந்துபோனாள்.

ஆகவே இந்த வருஷம் ஒரு ஜல்லிக்கட்டுக்கு மைக் செட் ஒத்துக்கொண்டேன் என்றதும் அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அவரையும் கூட்டிட்டுப் போறியா?"

"மிக்சருக்கு ஆள் வேணும்ல."

"கூட்டிட்டுப் போ. ஆனா பொட்டிய வுட்டு அவரு அந்தாண்ட நகரக்கூடாது. அவரு கை மாட்டு மேல பட்டுதுன்னு கேள்விப்பட்டேன், நேரா ஒன் வூட்டுக்கு வந்து உக்காந்துக்குவேன். காலத்துக்கும் நீயே சோறு போடு."

"நான் பாத்துக்கறேன் போ" என்றேன். அவளுக்குத் திருப்தி இல்லை. என் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் போனாள். அன்றைக்கு எனக்கு இருந்த கவலையெல்லாம் அது ஒன்றுதான். சவுண்டைப் பற்றி ஒரு கவலையும் இல்லை.

ஊர் செந்துறைக்கு அந்தப்பக்கம். அரியலூர் ஒரு வருஷம் தனி மாவட்டம், மறுவருஷம் பெரம்பலூரோடு சேர்ந்தது என்று மாறி மாறி வந்த காலம் அது. எந்த கலெக்டரிடம் மனு கொடுப்பது என்று தெரியாமல் ஜனங்கள் இரண்டு பக்கமும் பஸ் ஏறிக்கொண்டிருந்தார்கள். அந்த ஊரில் கீழத்தெரு, மேலத்தெரு என்று இரண்டு தெரு. இரண்டும் ஒரே வம்சம், பங்காளிகள். அதனால்தான் பகை அத்தனை கெட்டியாக இருந்தது.

முந்தின வருஷம் மைக்கில் பேசியவன் மேலத்தெருக்காரன். கீழத்தெரு மாடு யார் கையிலும் சிக்காமல் போனபோது, "மாடு பிடிபட்டது" என்று சொல்லிவிட்டான். நாக்குத் தவறிச் சொன்னானோ வேண்டுமென்றே சொன்னானோ, அன்று சாயங்காலத்துக்குள் எட்டுப் பேருக்கு மண்டை உடைந்தது. அதனால் இந்த வருஷம் தாலுகா ஆபீசில் பெரியவர்களை உட்காரவைத்துப் பேசி ஒரு ஏற்பாடு செய்தார்கள். தெருவுக்கு ஒரு மைக், தெருவுக்கு ஒரு ஆள். அவரவர் தெரு மாட்டை அவரவர் ஆள்தான் சொல்ல வேண்டும். இரண்டு மைக்குக்கும் சத்தம் சமமாக இருக்க வேண்டும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் மிக்சரில் முதல் சேனல் என்று ஒன்று, இரண்டாம் சேனல் என்று ஒன்று இருப்பதை யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். முதல் சேனல் யாருக்கு? கோயிலில் முதல் விபூதி யாருக்கு என்கிற மாதிரி அது பெரிய பிரச்சினையாகிவிட்டது. "எல்லாம் ஒண்ணுதாங்க, நம்பர்ல என்ன இருக்கு" என்றேன். "ஒண்ணும் ரெண்டும் ஒண்ணாய்யா? படிச்சவன்தான நீ?" என்று ஒருவர் என்னைக் கேட்டார். கடைசியில் அம்மன் சந்நிதியில் சீட்டுப் போட்டுப் பார்த்தார்கள். முதல் சேனல் கீழத்தெருவுக்கு விழுந்தது. வெடி போட்டுக் கொண்டாடினார்கள். ஒரு சேனலுக்கு வெடி போட்டதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஜல்லிக்கட்டு அன்று விடிந்ததும் வீட்டு வாசலில் டெம்போவில் சாமான் ஏற்றினோம். டெம்போக்காரன் தாமதமாக வந்தான், அவனிடம் கத்திக்கொண்டிருந்தேன். தங்கச்சி தாம்பாளத்தோடு வந்து பெட்டிகளுக்குச் சூடம் காட்டினாள். நாங்கள் வெளியூர் கிளம்பும்போது வழக்கமாகச் செய்கிறதுதான். மிக்சர் பெட்டியின் மரப்பக்கத்தில் ஒரு பொட்டு வைக்க மட்டும் அவளுக்கு அனுமதி உண்டு. மிஷினில் ஈரம் பட்டால் நான் சாமியாடிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

ஊருக்குப் போனதும் நான் குழாய் கட்டப் பனைமரம் ஏறிவிட்டேன். இறங்கி வருவதற்குள் மாப்பிள்ளை மேடைமேல் மேசை போட்டு, மிக்சரை எடுத்துவைத்து, தோள்துண்டால் பளபளவென்று துடைத்து, வயரெல்லாம் மாட்டிவிட்டிருந்தான்.

"என்ன மாப்ள, இம்புட்டு சுறுசுறுப்பு?"

"சும்மாதான் மச்சான்" என்றான். முகம் வாடிவாசல் பக்கம் திரும்பியிருந்தது. அங்கே தென்னை மட்டையும் மூங்கிலும் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அவன் சட்டைக் காலரைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தேன்.

ஆரம்பித்த உடனே முதல் சண்டை வந்தது. கீழத்தெரு ஆள் முன்னாள் லாரி டிரைவர். அவருக்கு மைக்கே தேவையில்லை, ஜெயங்கொண்டம் வரை கேட்கும் குரல். மேலத்தெரு ஆள் டெய்லர், ஊசி மாதிரிக் குரல். இரண்டும் சமமாகக் கேட்க வேண்டும் என்றால் டிரைவரின் ஃபேடர் கீழேயும் டெய்லரின் ஃபேடர் மேலேயும்தான் இருக்க முடியும். அப்படித்தான் மாப்பிள்ளை வைத்தான். காதுக்குச் சமமாக இருந்தது.

ஆனால் அங்கே யாரும் காதால் கேட்கவில்லை. தெருவுக்கு நாலு பேர் மேசையைச் சுற்றி நின்று கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யோவ் செட்டுக்காரா, அவன் குமிழு எங்க இருக்கு, எங்க குமிழு எங்க இருக்கு? பாத்தாத் தெரியலையா?" என்றார் கீழத்தெருக்காரர் ஒருவர்.

"சத்தம் சமமாத்தாங்க இருக்கு."

"சத்தத்தை வுடுய்யா. குமிழு சமமா இருக்கா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை என் தொடையைக் கிள்ளினான். பிறகு யாருக்கும் தெரியாமல் உச்சியில் இருந்த கெயினை டிரைவருக்குக் குறைத்து, டெய்லருக்குக் கூட்டி, கீழே இரண்டு ஃபேடரையும் அளவெடுத்த மாதிரி ஒரே கோட்டில் வைத்தான். எட்டுப் பேரும் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் தீக்குச்சியை வைத்துக் கூட அளந்து பார்த்தார். "இப்ப சரி" என்றார்கள். நான் மாப்பிள்ளையின் முதுகில் தட்டினேன். கெயின் என்று ஒன்று இருப்பது அந்த ஊருக்குத் தெரியாதிருந்ததற்கு அந்த அம்மனுக்குத்தான் நன்றி சொன்னேன்.

உச்சி வெயில் வரை ஒரு குறையும் இல்லை. மாடுகள் வந்தன, போயின. இரண்டு பேர் மாற்றி மாற்றிக் கத்தினார்கள். ஒவ்வொரு தடவை வாடிவாசல் திறக்கும்போதும் மாப்பிள்ளையின் கால் மேசைக்கடியில் துடிக்கும். நான் என் காலை எடுத்து அதன்மேல் வைத்து அழுத்திக்கொள்வேன். அப்படியே மதியம் ஆகிவிட்டது.

அப்போது கீழத்தெருவின் செவலைக்காளை வாடிக்குள் வந்தது. அந்தத் தெருவே அதற்காகத்தான் காத்திருந்தது. டிரைவர் எழுந்து நின்று, என் பக்கம் கையை உயர்த்தினார். "தம்பி, சத்தத்தை ஏத்து! எங்க செவலை வருது!"

ஒருவருக்கு ஏற்றினால் இருவருக்கும் ஏற்ற வேண்டும். மாப்பிள்ளை இரண்டு விரலால் இரண்டு ஃபேடரையும் சேர்த்து மேலே தள்ளினான்.

டிரைவரின் குரல் பட்டென்று நின்றுவிட்டது. அவர் வாய் அசைகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, ஒரு குழாயிலும் சத்தம் இல்லை. அந்த நேரம் பார்த்து டெய்லர் தன் மைக்கில் தொண்டையைச் செருமினார். அது பெரம்பலூர் ரோடு வரை கேட்டது. மேலத்தெருக்காரர்கள் சிரித்துவிட்டார்கள்.

அந்தச் சிரிப்புதான் எங்களைக் கொன்றது.

செவலை யாரும் பேர் சொல்லாமலே வெளியே வந்து, யார் கையிலும் அகப்படாமல் ஓடியது. அதைச் சொல்ல ஆளில்லை. கீழத்தெருக்காரர்கள் மேடைமேல் ஏறிவிட்டார்கள். "ஏத்தச் சொன்னா எறக்கிட்டியாடா? எவ்வளவுடா குடுத்தான் மேலத்தெருக்காரன்?" என்று ஒருவன் என் சட்டையைப் பிடித்தான். நான் ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டினேன். ஃபேடருக்கு முன்னாலேயே குரல் வருகிறதா என்று கேட்டுப் பார்க்க ஒரு பட்டன் உண்டு. அதை அமுக்கினேன். டிரைவர் என்னைத் திட்டுவது காதுக்குள் துல்லியமாகக் கேட்டது. ஆக மைக் நன்றாக இருக்கிறது, வயர் நன்றாக இருக்கிறது.

"நாங்க கத்திக்கிட்டு இருக்கோம், நீ பாட்டா கேக்கற?" என்று ஒருவன் அறைந்தான். ஹெட்போன் தெறித்துக் கீழே விழுந்தது. காதில் ஙொய் என்று ஒரு சத்தம் கிளம்பியது. அந்த ஙொய் இன்னும் முழுசாகப் போகவில்லை.

மாப்பிள்ளை அதற்குள் முதல் ஃபேடரைக் கொஞ்சம் கீழே இறக்கினான். டிரைவரின் குரல் வந்துவிட்டது. மேலே தள்ளினான், போய்விட்டது. எனக்குப் புரிந்துவிட்டது. ஃபேடர் ஓடுகிற பாதையில் மேல்பாதியில் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் போன வாரம்தான் துடைத்தேனே, அதற்குள் எங்கிருந்து தூசி வந்தது? மடமடவென்று மேலும் கீழும் நாலு இழுப்பு இழுத்தால் சில சமயம் அதுவே சரியாகும். இழுத்தான். டிரைவரின் குரல் வந்து போய், வந்து போய், விக்கல் எடுத்தவன் பேசுகிற மாதிரி ஊரெல்லாம் கேட்டது. மேலத்தெரு மறுபடி சிரித்தது. எனக்கு இன்னொரு அறை விழுந்தது.

"கேளுங்கய்யா!" என்று கத்தினேன். "ரெண்டு குமிழையும் கீழ எறக்கிடறேன். பழைய எடத்துக்கே கொண்டுபோயிடறேன். ரெண்டு பேருக்கும் சத்தம் வரும்!"

இப்போது மேலத்தெரு மறித்தது. "அவன் குமிழு கெட்டா நாங்க ஏன்யா எறங்கணும்? எங்க குமிழு ஏறினது ஏறினதுதான். தொட்டே, கை இருக்காது."

"அப்ப கீழத்தெருவை மட்டும் எறக்கறேன்."

"மேலத்தெருவுக்குக் கீழ நாங்களா?" என்று கீழத்தெரு பாய்ந்தது.

"மைக்கையாவது மாத்திப் போட்டுப் பாக்கறேன்யா!"

"எங்க மைக்குல அவன் எச்சிலா?" என்று இரண்டு தெருவும் ஒரே குரலில் கேட்டது. அன்று முழுக்க அவர்கள் ஒத்துப்போனது அதில் மட்டும்தான்.

எனக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பொறுமையும் போய்விட்டது. "போங்கடா, ஒங்க குமிழும் ஒங்க தெருவும்!" என்று சொல்லி, டிரைவரின் வயரை முதல் சேனலிலிருந்து பிடுங்கி, காலியாக இருந்த மூன்றாம் சேனலில் செருகிக் குமிழை மேலே ஏற்றிவிட்டேன். சத்தம் வந்தது. எப்பேர்ப்பட்ட சத்தம்! டிரைவரின் குரல் நாலு குழாயிலும் கிழிந்துகொண்டு வந்தது. தொழில் தெரிந்த எவனும் அதைத்தான் செய்திருப்பான்.

"டேய்! நம்மள மூணாவதுல போட்டுட்டான்டா!" என்று ஒருவன் அலறினான். அந்த அலறலும் டிரைவரின் மைக் வழியாகவே ஊர் பூராவும் கேட்டது.

அம்மன் சீட்டில் முதலாவதாக வந்த தெருவை, மேலத்தெருவுக்கும் அடுத்தபடியாக மூன்றாவதில் போட்டுவிட்டேன். நான் செய்தது இதுதான். அதற்குப் பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நாற்காலி பறந்தது. செங்கல் வந்து என் புருவத்தைக் கிழித்தது, ஒரு கண்ணில் ரத்தம் இறங்கி மறைத்துவிட்டது. எங்களை அடிக்க வந்த கீழத்தெருவை அடிக்க மேலத்தெரு மேடையேறியது. அடி எல்லாம் நடுவில் இருந்த எங்கள் இரண்டு பேர்மேல்தான் விழுந்தது. என்னைக் கீழே தள்ளி விலாவில் மிதித்தார்கள். மேசைக்கடியிலிருந்து பார்த்தேன். பந்தல்காலிலிருந்து பிடுங்கிய மூங்கில் ஒன்று மிக்சருக்கு நேராக மேலே ஓங்கியிருந்தது. ஓங்கியவன் என்னை விட்டுவிட்டு மிக்சரை அடிக்க வந்திருந்தான். அவனைப் பொறுத்தவரை அவமானம் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது.

"மாப்ள, வுட்டுடுடா! பொட்டி போனா போவுது, வா!" என்று கத்தினேன்.

அவன் விடவில்லை. இரண்டு கையையும் விரித்து மிக்சர்மேல் கவிழ்ந்துகொண்டான். மூங்கில் இறங்கியது. மிக்சரின் இரும்பு விளிம்புக்கும் மூங்கிலுக்கும் நடுவே அவன் வலதுகை இருந்தது. காய்ந்த விறகு முறிகிற சத்தம் வந்தது. அப்போதும் அவன் கையை எடுக்கவில்லை. மூங்கில்காரன் மறுபடி ஓங்கினான். மறுபடி இறங்கியது.

மூன்றாவது அடி தலைக்கு வந்திருக்கும். வரவில்லை. வாடிவாசலில் நின்றவர்களும் சண்டை பார்க்க ஓடிவந்துவிட்டதால், அடைத்திருந்த காரிக்காளை ஒன்று தட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. பிடிக்க ஆளில்லாத மைதானத்தில் அது நேராகக் கூட்டத்தைப் பார்த்து வந்தது. கொம்பு தெரிந்ததும் இரண்டு தெருவும் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியது. மேடை ஒரு நொடியில் காலியானது. காளை மேடைக்குக் கீழே வந்து நின்று, மூச்சு வாங்கி, எங்களை ஒரு பார்வை பார்த்தது. மாப்பிள்ளை ரத்தம் சொட்டுகிற கையோடு அதைப் பார்த்தான். "நல்ல மாடு மச்சான்" என்றான். பிறகு மயங்கி என்மேல் சாய்ந்தான்.

போலீஸ் வந்து தடியடி நடத்தியதும், ஜீப்பிலேயே எங்களை அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்ததும், அங்கிருந்து அவனை மட்டும் திருச்சி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பியதும் எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. புருவத்தில் தையல் போட்டுக்கொண்டு நான் கடைக்கு வந்தேன். மிக்சரைப் போலீசே கொண்டுவந்து போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை கை கொடுத்ததால் அதற்கு ஒரு மூலை நசுங்கியதோடு சரி. அவன் ரத்தம் குமிழ்களுக்கு நடுவே காய்ந்து கறுத்திருந்தது. துடைக்கத் துடைக்க எனக்கு அழுகை வந்தது. அழுகை போய்க் கோபம் வந்தது. எது அடைத்தது? எந்தப் பாழாய்ப்போன தூசி என் மாப்பிள்ளை கையை உடைத்தது? ஸ்க்ரூவைக் கழற்றி முதல் ஃபேடரை வெளியே எடுத்தேன்.

தூசி இல்லை. மஞ்சளாக ஒரு பொருக்கு, குமிழின் கம்பி உரசி ஓடுகிற கரிப் பாதையின் மேல்பாதியில் அப்பிக் காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். ஓரத்தில் சிவப்பு. மூக்கில் வைத்துப் பார்த்தேன். சந்தனம். காலையில் ஈரமாக உள்ளே இறங்கி, உச்சி வெயிலில் இறுகியிருக்கிறது. இரண்டாம் ஃபேடரையும் கழற்றினேன். அதில் வெறும் கறைதான் இருந்தது. முதல் குமிழுக்கு விரல் நிறைய வைத்த தங்கச்சிக்கு, இரண்டாவதற்கு மிச்சம் இல்லை போலும்.

பொருக்கைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திருச்சி பஸ் ஏறினேன். வழி நெடுக அவளைத் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே போனேன். மிஷினைத் தொடாதே என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்? சாமி கும்பிட வேறு இடமே கிடைக்கவில்லையா? உன் புருஷன் கையை நீயே ஒடிச்சியேடி என்று கேட்டுவிடுவது என்றே இருந்தேன்.

கட்டிலில் மாப்பிள்ளை கட்டுப் போட்ட கையை நெஞ்சில் வைத்துப் படுத்திருந்தான். தங்கச்சி பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அழுது வீங்கிய முகமாக இருக்கும் என்று நினைத்து வந்தேன். அவள் முகம் தெளிவாக இருந்தது.

"ஒன்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்று ஆரம்பித்தேன்.

"இருண்ணே, நான் சொல்லிடறேன். டாக்டரு சொல்லிட்டாரு. கட்டுப் பிரிச்சாலும் இந்த வெரலு மூணும் மடங்காதாம்." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினாள். "மடங்கலேன்னா திமிலைப் புடிக்க முடியாதுல்ல? இனிமே எந்த வாடிக்கும் போக முடியாதுல்லண்ணே?"

கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல் நுனிகளைப் பார்த்தேன்.

"நாந்தான் வேண்டிக்கிட்டேன். அன்னிக்குக் காலைல நீ டெம்போக்காரன்கிட்ட கத்திக்கிட்டு இருந்தியே, அப்ப பொட்டியத் தொறந்து, அவரு கை வைக்கற குமிழுல சந்தனத்தை அப்பிப் பொட்டு வச்சேன். ஆத்தா, இந்தக் கை இங்கயே இருக்கணும், மாட்டு மேல படக்கூடாதுன்னு. கேட்டுட்டாண்ணே. கொஞ்சம் பலமாவே கேட்டுட்டா. பரவால்ல. ஆளு இருக்காருல்ல, அது போதும்."

நான் சட்டைப்பைக்குக் கையைக் கொண்டுபோனேன். மாப்பிள்ளை என்னைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும். மேடைமேல் தோள்துண்டால் துடைத்தவன் அவன்தானே. பொட்டை நான் பார்த்தால் அவன் பெண்டாட்டியைத் திட்டுவேன் என்று, நான் மரத்திலிருந்து இறங்குவதற்குள் அவசர அவசரமாகத் துடைத்து உள்ளே தள்ளியிருக்கிறான். தலையணையில் கிடந்தபடியே தலையை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டினான். வேண்டாம் என்றான்.

கையை வெறுமனே வெளியே எடுத்தேன்.

"ஆமா, பொட்டியத் தொறந்து பாத்தியா? என்ன ரிப்பேராம்?" என்று அவள் கேட்டாள்.

"சிமெண்டுத் தூசிதாம்மா. எப்பவும் வர்றதுதான்."

அவள் கை ஆரஞ்சில் அப்படியே நின்றது. அதுவரை இல்லாத அழுகை அப்போதுதான் பொத்துக்கொண்டு வந்தது.

"தூசியா? வெறுந் தூசியாண்ணே? அதை ஒழுங்காத் தொடச்சு வச்சிருந்தா இவரு கை போயிருக்குமா? ஊர்ல இருக்கறவனையெல்லாம் கத்துறியே, ஒன் வேலைய நீ ஒழுங்காப் பாத்தியா?" வார்டில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நிறுத்தவில்லை. என் வாழ்க்கையில் என்னை அப்படி யாரும் திட்டியதில்லை, அந்த ஊர்க்காரர்கள் உட்பட.

"தொடச்சிருக்கணும்மா" என்றேன்.